பின்னறைக்கு வராத சூடு

சிவமலருக்குத் தன் தங்கச்சியில் பொறாமை. அதை அவள் ஒருவருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை, முகமே சொல்லிவிடும். தங்கச்சி சத்தியபாமா பேர்கனிலிருந்து தொலைபேசி எடுத்தால் சிவமலரின் குரலில் தேன் ஒழுகும். வைத்த கையோடு சமையலறையில் பாத்திரங்கள் படும் பாடு பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். இருபத்தைந்து வருசமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் பேர்கனில், இவள் ஒஸ்லோவில், நடுவில் நோர்வேயின் ஒரு மலைத்தொடரே கிடந்ததால் பொறாமைக்கும் ஓர் அளவு இருந்தது. இந்தக் கார்த்திகையில் சத்தியபாமா அந்த மலையைத் தாண்டி வாசலுக்கே வந்துவிட்டாள்.

வந்ததற்குக் காரணம் இருந்தது. ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் சிவமலர் குடியிருந்த தொடர்மாடியில் பழைய தண்ணீர்க் குழாய்களை மாற்றுகிறோம் என்று எல்லா வீட்டுக் குளியலறைகளையும் உடைக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து கிழமை. குளிப்பதற்கு முற்றத்தில் ஒரு கொள்கலனை வைத்துக் கொடுத்தார்கள், துவாயும் கையுமாக வரிசையில் நிற்கவேண்டும். சிவமலருக்குச் சீமெந்துத் தூசு ஆகாது, முதல் நாளே இழுப்பு வந்துவிட்டது. கணவர் சந்திரகுமார், ஊரில் தமையனுக்குச் சுகமில்லை என்ற நல்ல காரணத்தைப் பிடித்துக்கொண்டு, சுவரில் துளைபோடும் சத்தம் தொடங்க முதலே விமானம் ஏறிவிட்டார். தாயும் மகள் யாழும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோதுதான் சத்தியபாமா தொலைபேசி எடுத்தாள். பேர்கன் மருத்துவமனையில் அவள் தாதி. ஒஸ்லோவில் இரண்டு கிழமைப் பயிற்சி இருக்கிறதாம். ஹோட்டலில் தங்காமல் தன் போபிலைக் கொண்டுவருகிறாளாம், மூன்று பேரும் அதற்குள்ளேயே இருந்துகொள்ளலாமாம்.

போபில் என்பது சக்கரம் பூட்டிய வீடு. முன்னுக்குச் சாரதி ஆசனம், அதற்குப் பின்னால் மேசையும் இருக்கைகளும் அடுப்பும், நடுவில் ஆள் திரும்ப முடியாத ஒரு குளியலறை, கடைசியில் இழுத்துச் சாத்தும் கதவோடு ஒரு படுக்கையறை. இதைச் சத்தியபாமா பனி கொட்டும் மலைப்பாதையில் எட்டு மணித்தியாலம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து, தொடர்மாடிக்குப் பின்னால் ஒரே திருப்பில் நிறுத்தினாள். சிவமலர் சாரதிப் பரீட்சைக்கு மூன்று தரம் போய் மூன்று தரமும் வெறுங்கையோடு திரும்பியவள். ஏழாம் மாடி யன்னலில் நின்று அந்தத் திருப்பைப் பார்த்தாள். அதற்குள் யாழ் லிஃப்ட் வரும்வரை காத்திருக்கவும் பொறுமையில்லாமல் படிகளால் இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லச் சமையலறையில் எட்டு மணித்தியாலம் நின்றுவிட்டுத் தாய் வந்து மணி அடித்தால் கதவு திறக்கவே எழும்பாத பிள்ளை.

அந்த இருபத்துநான்கு வயதுப் பிள்ளைதான் சிவமலரின் ஒரே பிள்ளை. சத்தியபாமாவுக்குப் புருசன் மட்டும்தான், பிள்ளை இல்லை. வீடு, வண்டி, சாரதிப் பத்திரம், படிப்பு, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு என்று எல்லாம் அவளுக்குக் கிடைத்திருந்தன. தனக்கு யாழ் கிடைத்தாள் என்றுதான் சிவமலர் இத்தனை வருசமும் மனசைச் சமாதானம் பண்ணிவந்தாள். யாழோ சித்தியைக் கண்டால் தாயை மறந்துவிடுவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

படுக்கை பிரிப்பதில் சத்தியபாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. பின்னறையில் இருந்த பெரிய கட்டில் அக்காவுக்கு. முன்னுக்கு மேசையை மடித்தால் ஒரு கட்டில் வரும், அது தனக்கு. கூரையிலிருந்து இழுத்து இறக்கும் கட்டில் யாழுக்கு. மூத்தவளுக்குக் கதவுள்ள அறை. இதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. குறைசொல்ல ஒன்றுமில்லாமல் போனதே சிவமலருக்குப் பெரிய குறையாக இருந்தது.

அன்றே அவள் தன் சமையலறையை மேலேயிருந்து கீழே இறக்கினாள். மேலே விட்டால் அரிசிக்குள் சீமெந்து போய்விடும், மிளகாய்த்தூளுக்குள் தூசு போய்விடும் என்பது அவள் பயம். இருபது கிலோ குத்தரிசி மூட்டை, தேங்காய்ப்பால் பேணிகள், மாப்பெட்டி, இடியப்ப உரல், கிரைண்டர் எல்லாம் வந்தன. பின்னறைக் கட்டிலின் பலகையைத் தூக்கினால் கீழே பெரிய பெட்டிபோல இடம் இருந்தது. மூட்டையை அதற்குள் உருட்டித் தள்ளி, மற்றவற்றை அதன்மேல் அடுக்கி, பலகையை மூடினாள். சத்தியபாமா எட்டிப் பார்த்து, இவ்வளவும் தேவையா அக்கா, இரண்டு கிழமைதானே என்றாள். உன்னைப் போல எனக்குக் கடையில் வாங்கித் தின்னத் தெரியாது என்று சிவமலர் சொன்னாள். சத்தியபாமா சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் இரவே குளிர் பிடித்தது. முன்னுக்கு யாழும் சித்தியும் மெல்லிய சட்டையோடு இருந்து கதைத்துச் சிரித்துக்கொண்டிருக்க, கதவுக்கு இந்தப் பக்கம் சிவமலர் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டு, காலுறை இரண்டு சோடி மாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். காலையில் சத்தியபாமா இரண்டு சின்ன வெப்பமானிகளை வாங்கிவந்து முன்னுக்கொன்றும் பின்னுக்கொன்றுமாகத் தொங்கவிட்டாள். முன்னுக்கு இருபத்துமூன்று, பின்னுக்குப் பதின்மூன்று. அந்த இரண்டு எண்களையும் சிவமலர் பரீட்சைப் புள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இதிலும் பத்துப் புள்ளியால் தங்கச்சிதான் முன்னுக்கு.

“அங்கை சரியான குளிர், பிள்ளை. நீ வந்து எனக்குப் பக்கத்திலை படன். ரெண்டு பேர் எண்டால் சூடாயிருக்கும்,” என்று அன்று பின்னேரம் யாழிடம் கேட்டாள். குளிரை முன்னிட்டுத்தான் கேட்டாள். குளிர் இல்லாவிட்டாலும் அதையே கேட்டிருப்பாள், ஆனால் அப்படிக் கேட்க அவளுக்கு வாய் வராது. யாழுக்குத் தாயில் பாசம் இல்லாமலில்லை. உடனே எழும்பித் தன்னுடைய தடித்த போர்வையைக் கொண்டுவந்து தாய்க்குப் போர்த்தினாள். றபர்ப் பையில் சுடுதண்ணீர் நிரப்பிக் காலடியில் வைத்தாள். கன்னத்தில் ஒரு கொஞ்சலும் கொடுத்துவிட்டு முன்னுக்குப் போய்விட்டாள். போர்வை வந்தது, சுடுதண்ணீர் வந்தது, பிள்ளை மட்டும் வரவில்லை.

சத்தியபாமா சும்மா இருக்கவில்லை. நடுவில் அலுமாரிக்குக் கீழே இருக்கும் ஹீற்றர் வாயுவில் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது, அந்தக் காற்று குழாய் வழியாக நாலு வாய்களுக்குப் போகிறது, முன்னுக்கு இரண்டு, குளியலறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று என்று விளக்கினாள். எவ்வளவு சூடு வேண்டுமென்று அளந்து பார்க்கும் கருவி வாசலுக்குப் பக்கத்தில் முன்னுக்கே இருக்கிறது. முன்பக்கம் சூடானதும் அது, இவ்வளவு சூடு காணும் என்று நினைத்து ஹீற்றரை நிற்பாட்டிவிடுகிறது, பின்னறை இன்னும் குளிர்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும் என்றாள். இந்தக் கருவியையும் தங்கச்சிக்குச் சார்பான ஆளாகத்தான் சிவமலர் எண்ணிக்கொண்டாள்.

முன் வாய்களின் வட்ட மூடியைப் பாதி சாத்தினாள் சத்தியபாமா. சாரதிப் பக்கக் கண்ணாடிகளுக்குக் கம்பளி கட்டினாள். குளியலறைக் கதவைத் திறந்துவைத்தாள், ஒரு சின்ன மின்விசிறியைப் பின்பக்கம் பார்க்க வைத்து ஓடவிட்டாள். பதின்மூன்று பதினாலானது. பின்னறைக் குழாய் கட்டிலுக்குக் கீழே போகிறது, அதைத் திறந்து ஒருக்கால் பார்க்கட்டுமா என்று கேட்டாள்.

“என்ரை சாமானைக் கிளறாதை,” என்றாள் சிவமலர். “அடுக்கி வைச்சது வைச்சபடி கிடக்கட்டும்.”

கிளறினால் குடி முழுகிவிடாது. தன் அறைக்குள்ளும் வந்து அவள் கையை வைத்துச் சரிசெய்து, யாழிடம் பேர் வாங்கிக்கொண்டு போவதைச் சிவமலரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்படியே நாலு நாள் போனது. ஐந்தாம் நாள்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. இழுப்புக் கதவு முழுதாகச் சாத்துப்படாத ஒரு பொழுதில், முன்னுக்கு யாழ் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி தமிழும் பாதி நொஷ்க் என்ற நோர்வே மொழியும். பேர்கன் என்று ஒரு தரம் கேட்டது. பிறகு அம்மா என்று கேட்டது. பிறகு சித்தி எதையோ சொல்ல, யாழ் இல்லை இல்லை என்றாள்.

யாழ் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு முடித்து, ஆள் குறையும் நாட்களில் மட்டும் கூப்பிடும் தற்காலிக வேலையில் ஒரு வருசமாக இழுபட்டுக்கொண்டிருந்தவள். சிவமலருக்கு விசயம் விளங்கிவிட்டது. பேர்கனில் வேலை வந்திருக்கிறது, சித்தி ஆள்பிடித்துக் கொடுத்திருக்கிறாள், பிள்ளையைத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்திருக்கப்போகிறாள். இதெல்லாம் அவளாகக் கட்டியதுதான், ஆனால் கட்டிய பிறகு அதுதான் உண்மை என்று ஆகிவிட்டது. போவதுகூடப் பரவாயில்லை. பிள்ளை வளர்ந்தால் போகத்தானே செய்யும். முதலில் தன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். பெற்றவளைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சித்தியிடம் முதலில் சொல்வதா? அந்த ஒன்றைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. யாழ் தன் வாயால், தன்னிடம், அதைச் சொல்லவேண்டும். ஒரு இரவு பக்கத்தில் வந்து படுத்தால் சொல்லிவிடுவாள் என்று அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் வருவதற்கு முன்பக்கம் குளிரவேண்டும்.

அடுத்த நாள் சிவமலருக்கு வேலை இல்லை. மற்ற இருவரும் போனதும் தன் பூப்போட்ட சோட்டி ஒன்றை எடுத்தாள். வீட்டில் போடும் அந்த நீளச் சட்டை கைப்பிடித் துணியாகப் பாதி கிழிபட்டிருந்தது. மிச்சத்தையும் இரண்டாகக் கிழித்துச் சுருட்டி, முன்பக்கத்து இரண்டு சூட்டு வாய்களுக்குள்ளும் விரலால் குத்திக் குத்தி இறக்கி, வட்ட மூடியையும் சாத்தினாள். குளியலறை வாயை ஏற்கெனவே பிளாஸ்டிக் வாளி மறைத்துக்கொண்டிருந்தது. இனிச் சூடு பின்னறைக்குத்தானே வரவேண்டும், வேறு எங்கே போகும்? செய்துவிட்டுப் பருப்பை அடுப்பில் வைத்தாள். பத்து வயதுப் பிள்ளைகூட இப்படி ஒரு வேலை பார்க்காது என்று ஒரு யோசனை வந்தது. அதையும் சேர்த்துக் கிளறிவிட்டாள்.

சூடு பின்னறைக்கும் வரவில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஹீற்றர் ஒரு மாதிரிச் சீறியது, பிறகு சுவரிலிருந்த சிறு பலகையில் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது, பிறகு எல்லாம் அடங்கிவிட்டது. துணியை இழுத்து எடுக்கப் பார்த்தாள். அது உள்ளுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டது. நாலு மணிக்கெல்லாம் வெளியில் இருட்டிவிட்டது. யாழும் சித்தியும் வந்தபோது முன்னுக்கு ஒன்பது, பின்னுக்கு ஏழு. மேலங்கியைக் கழற்றாமலே யாழ் கைகளை ஊதினாள். சிவமலர் தனக்கொன்றும் தெரியாது, தானாக நின்றுவிட்டது என்றாள்.

சத்தியபாமா மேலங்கியோடு முழங்காலில் இருந்து, கைபேசி வெளிச்சத்தில் முன் வாயின் மூடியைத் திருகினாள். உள்ளே விரலை விட்டாள். பூப்போட்ட துணி ஒரு நுனி வெளியே வந்தது. அந்தப் பூ அவளுக்குத் தெரிந்த பூ. போன வருசம் அக்காவுக்குப் பிறந்தநாளுக்குப் பேர்கனிலிருந்து அனுப்பியதே அவள்தான். துணியைக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். சித்திக்குப் பின்னால் யாழ் எட்டிப் பார்த்து, என்ன அது என்று கேட்டாள்.

“நான்தான் அடைச்சனான்,” என்றாள் சத்தியபாமா. “பின்னுக்குக் காத்துக் கூடப் போகட்டும் எண்டு விடிய அடைச்சிட்டு, எடுக்க மறந்துபோனன். சூடு போக வழியில்லாமல் ஹீற்றர் தானா நிண்டிட்டுது.”

சித்தி, நீங்களுமா என்று யாழ் சிரித்தாள். சிவமலர் சிரிக்கவில்லை. குட்டு வெளிப்படாமல் தப்பியதற்கு நன்றி வரவேண்டும். வந்தது நன்றியில்லை. பொய் சொல்லிக் காப்பாற்றுவதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள், நல்லவளாக இருக்கிற இடத்தையும் பிடித்துக்கொண்டாள் என்ற கோபம்தான் வந்தது.

சத்தியபாமாவுக்கு ஒன்று உறைத்திருந்தது. முன்பக்கம் முழுதாக அடைத்தும் சூடு பின்னுக்கு வரவில்லையென்றால் பின்னுக்குப் போகும் குழாயிலும் கோளாறு. இந்த முறை அவள் அனுமதி கேட்கவில்லை, மெத்தையை மடித்துப் பலகையைத் தூக்கினாள். பேணிகள் வெளியே வந்தன, மாப்பெட்டி வந்தது, உரல் வந்தது. கடைசியில் குத்தரிசி மூட்டை. அதற்குக் கீழே, வெள்ளித்தாள் சுற்றிய மெல்லிய குழாய் ஒன்று அப்பளம்போலத் தட்டையாகிக் கிடந்தது. இருபது கிலோவும் அதன்மேல் ஆறு நாளாக ஏறி இருந்திருக்கிறது. சத்தியபாமா குழாயை உருட்டி உருட்டி வட்டமாக்கினாள், கிழிந்த இடத்துக்குப் பசைநாடா சுற்றினாள், மற்ற முன் வாயிலிருந்த துணியையும் இழுத்தெடுத்து ஹீற்றரைத் திரும்பப் பற்றவைத்தாள். மூட்டையை யாழ் தூக்கிச் சாரதி ஆசனத்துக்குப் பக்கத்து ஆசனத்தில் இருத்தி, பட்டியும் போட்டுவிட்டாள். இரண்டு மணித்தியாலத்தில் முன்னுக்கு இருபத்தொன்று, பின்னுக்கு இருபது.

தன் குளிருக்குத் தான்தான் காரணம் என்பது வெட்கமாக இருந்தது. ஆனாலும் சிவமலர் அன்றிரவு தலையைச் சீவி, கட்டில் விரிப்பை இழுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் ஒதுங்கி இடம் வைத்துக்கொண்டு இருந்தாள். யாழ் பல்துலக்கிவிட்டு முன்னுக்குப் போய்க் கூரைக்கட்டிலை இழுத்தாள்.

“இஞ்சை வந்து படுக்கேல்லையோ?” என்று கேட்டாள் சிவமலர்.

“இப்ப அங்கை நல்ல சூடுதானே அம்மா,” என்றாள் யாழ், சந்தோசமாக.

அந்தப் பிள்ளைக்கு அதில் ஒரு கள்ளமும் இல்லை. தாய் குளிருக்குத்தான் கூப்பிட்டாள், குளிர் போய்விட்டது, கணக்குச் சரி. சிவமலர் இருபது பாகைச் சூட்டில், அகலக் கட்டிலின் நடுவில், விழித்துக்கொண்டு கிடந்தாள். இவ்வளவு நாளும் சொல்லிக்கொள்ளக் குளிராவது இருந்தது.

சனிக்கிழமை காலை குளிக்கும் கொள்கலனுக்கு வெளியே வரிசையில் நின்றபோது அடக்கிவைத்தது வெடித்தது. முன்னால் இரண்டு நோர்வேக் கிழவர்கள், பின்னால் ஒருவரும் இல்லை. சத்தியபாமா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்தத் துணி விசயத்தை யாழிடம் சொல்லமாட்டேன், நீ யோசிக்காதே என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஆறுதல்தான் சிவமலரின் தலைக்கேறியது.

“நீ எனக்குப் பிச்சை போடாதை. என்ரை பிள்ளையை மயக்கி வைச்சிருக்கிறது காணாதோ? வயித்திலை ஒண்டு சுமந்திருந்தால் உனக்கு விளங்கும்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. சத்தியபாமாவின் முகம் வெளுத்தது. அவளுக்கு மூன்று தரம் கரு தங்காமல் போனது சிவமலருக்குத் தெரியும், மூன்றாம் தரம் பக்கத்தில் இருந்து பார்த்தவளே அவள்தான். திருப்பி ஏதாவது சொன்னாலும் நன்றாக இருந்திருக்கும். சத்தியபாமா துவாயை எடுத்து நாலாக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள்.

“ஓம் அக்கா. எனக்கு விளங்காதுதான்,” என்றாள். தன் முறை வந்ததும் உள்ளே போனாள். கன நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று முழுதும் போபிலுக்குள் தேவைக்குத்தான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிவமலர் மனசு கேட்காமல் கணவாய்க் கறி வைத்தாள், அது தங்கச்சிக்குப் பிடித்த கறி. மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது, கறியாகத்தான் வரும். சத்தியபாமா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, முதுகு பிடித்திருக்கிறது, இன்றைக்கு அந்தப் பெரிய கட்டிலில் கொஞ்சம் சரியப்போகிறேன், நீங்கள் இருவரும் முன்னுக்குப் படுங்கள் என்று சொல்லித் தன் தலையணையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

முதுகும் இல்லை, ஒன்றும் இல்லை. இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறாள் என்பது சிவமலருக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்தில் போய்ப் படுத்தாள். யாழ் மேல்கட்டிலை இறக்கச் சோம்பல்பட்டுத் தாய்க்குப் பக்கத்திலேயே சரிந்தாள். மேசையை மடித்த கட்டில் ஒடுக்கம், தோளோடு தோள் முட்டியது. ஒன்பது நாளாக ஏங்கிய ஏக்கம் நிறைவேறிவிட்டது. வெளியில் மூன்றரை மணி வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. என்ன கதைப்பது என்று சிவமலருக்குத் தெரியவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஒன்றாகத்தானே சாப்பிட்டோம் என்றாள் யாழ். தலையணை காணுமா என்று கேட்டாள். காணும் என்றாள். அதோடு கதை முடிந்தது. இதே கட்டிலில் இத்தனை நாளும் அப்படி எதைத்தான் கதைத்துச் சிரித்தார்கள்?

கொஞ்ச நேரத்தில் யாழ் தலையைத் தூக்கி, “சித்தி, நித்திரையோ?” என்று பின்னறையைப் பார்த்துக் கேட்டாள்.

சத்தியபாமா நித்திரை கொண்டால் பல்லை நெருமுவாள், சின்ன வயதில் ஒரே பாயில் படுத்தவளுக்கு அது தெரியாதா? பின்னறையில் ஒரு சத்தமும் இல்லை. விழித்துக்கொண்டுதான் கிடக்கிறாள், வேண்டுமென்றே வாய் திறக்காமல் கிடக்கிறாள்.

“அவள் நித்திரை,” என்றாள் சிவமலர். பொய் என்று தெரிந்துதான் சொன்னாள். “என்னட்டைச் சொல்லு.”

யாழ் கூரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிடுவாள் என்றுதான் சிவமலர் நினைத்தாள்.

“பேர்கனிலை எனக்கு வேலை கிடைச்சிருக்கம்மா. நிரந்தர வேலை. தையிலை தொடங்கோணும்.”

சொல்லிவிட்டாள். தன் வாயால், தன்னிடம். சிவமலருக்குக் கண் கலங்கியது, அதைக் காட்டாமல், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று கேட்டாள். மூன்று கிழமையாம். சித்தி வந்த நாளிலிருந்து அம்மாவிடம் சொல்லு, இன்றைக்குச் சொல்லு என்று ஒரே கரைச்சலாம். கதவுக்கு இந்தப் பக்கம் தான் கேட்ட குசுகுசுப்பு எது என்று சிவமலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பிறகேன் சொல்லேல்லை?”

“நீங்கள் சித்தியிலை கோவிப்பியள் எண்டு பயம்,” என்றாள் யாழ். தயங்கினாள். “உங்களுக்குச் சித்தியிலை எரிச்சல் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே அம்மா.”

எல்லாருக்கும் தெரியும். தேன் குரலில் கதைத்த கதையெல்லாம் வீண். கேட்கப் பயந்த கேள்வியையும் சிவமலர் கேட்டாள். இனிச் சித்தி வீட்டில்தானே இருக்கப்போகிறாய் என்றாள்.

“இல்லை. மருத்துவமனைக்குக் கிட்ட ஒரு வாடகை அறை பாத்திருக்கிறன். நான் சித்தியோடை இருக்கலாமோ எண்டுதான் கேட்டனான். சித்தி ஏலாது எண்டிட்டா. நீ என்ரை வீட்டிலை இருந்தால் அக்கா தாங்கமாட்டா, கிழமையிலை ஒருநாள் வந்து சாப்பிட்டிட்டுப் போ, அது காணும் எண்டு சொன்னவ.”

இதைச் சித்தி எப்போது சொன்னாள் என்று சிவமலர் கேட்டாள். வந்த அன்றைக்கே சொன்னாளாம். அப்படியென்றால் துணி அடைத்ததற்கு முன்னால், கொள்கலன் வாசலில் நின்று தான் கொட்டிய வார்த்தைக்கு முன்னால். ஒரு பிள்ளைக்காக மூன்று தரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள், வளர்ந்த பிள்ளை ஒன்று தானாக வந்து உன்னோடு இருக்கட்டுமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அந்தக் கொள்கலன் வாசலில் துவாயை எட்டாக மடித்திருக்கிறாள்.

சிவமலர் எழும்பி உட்கார்ந்தாள்.

“பாமா,” என்று கூப்பிட்டாள். பின்னறையில் அசைவில்லை. “நடிக்காதை. நீ முழிச்சுத்தான் கிடக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். மூண்டறை வீட்டிலை நீங்கள் ரெண்டு பேர் இருந்துகொண்டு என்ரை பிள்ளையை வாடகை அறைக்கோ விடப்போறாய்? ஊர் என்ன கதைக்கும்? உன்ரை வீட்டிலை இடமில்லையோ?”

குரலில் கோபம்தான் இருந்தது. வேறு குரல் அந்த நேரம் அவளிடம் இருக்கவில்லை. சொல்லும்போதே காட்சி கண்முன் வந்தது. காலையில் யாழ் தலை கலைந்தபடி எழும்பி வந்து சத்தியபாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து கோப்பி குடிப்பாள், கதைப்பாள், இருவரும் சிரிப்பார்கள். வயிறு எப்போதும்போல எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். யாழ் தாயின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இடமிருக்கு அக்கா,” என்று பின்னறையிலிருந்து வந்த குரல் மூக்கடைத்திருந்தது.

“அப்ப வைச்சிரு,” என்று சொல்லிவிட்டு, சிவமலர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.